உங்களுக்குத் தெரியுமா? லாக் எழுதுவதை யார் தீர்மானிப்பது?

● ஜாவா மென்பொருள்கள் தங்கள் செயல்பாடுகளை லாக்காகப் பதிவுசெய்ய உதவும் புகழ்பெற்ற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, லாக்4ஜே. 2002-இல் ஜாவா 1.4 தனக்கென லாகிங் வசதியுடன் வந்த பிறகும் பலர் லாக்4ஜேயை விடவில்லை.

● ஒரே செயலியில் சேரும் லைப்ரரிகள் ஆளுக்கொரு லாகிங் முறையைப் பிடித்துக்கொண்டால் குழப்பம்தான். அதற்குத் தீர்வாக, லாக்4ஜேயைத் தொடங்கிய ஜெகி குல்ஜு 'எஸ்எல்எஃப்4ஜே' என்ற பொது இடைமுகத்தை உருவாக்கினார். லைப்ரரி அதனிடம் செய்தியைத் தந்தால் போதும். எழுதுவது லாக்4ஜேயா, லாக்பேக் என்ற இன்னொரு லாகிங் லைப்ரரியா என்பது செயலியை உருவாக்குபவரின் முடிவு.

● 2021 டிசம்பரில் லாக்4ஜே 2-இல் 'லாக்4ஷெல்' ஓட்டை அம்பலமானது. தாக்குபவர் அனுப்பும் ஒரு வரி லாக்கில் பதிவானாலே அவரது நிரலைச் சர்வரில் ஓட்ட முடிந்தது. அபாய மதிப்பெண்: 10-க்கு 10!

● லைப்ரரி எழுதுகிறீர்களா? பொது இடைமுகத்தை மட்டும் சார்ந்திருங்கள். ஓட்டை தெரிந்தால், செயலியை நடத்துபவர் லாகிங் லைப்ரரியை உடனே மாற்றிக்கொள்ளலாம்.