காரின் குரலைத் தீர்மானிக்கும் குழாய்

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இலங்கையில் புதுக் கார் கிடைப்பது அரிதாகவே இருந்தது. கையிலிருந்த பழைய காரைத்தான் ஆளாளுக்கு அழகுபார்த்தார்கள். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த சிவிக்குக்கும் லான்சருக்கும் முதலில் சில்லு மாறும், அடுத்து விளக்கு மாறும், கடைசியில் பின்பக்கத்தில் வாய் அகன்ற ஒரு சைலன்சர் ஏறும். மட்டக்களப்பு இளைஞர்கள் கராஜில் கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: “இதப் பூட்டினா எவ்வளவு வேகம் கூடும்?”

சத்தம் கூடினால் வேகமும் கூடும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அது எந்த அளவுக்கு உண்மை என்று பார்க்க, எஞ்சினிலிருந்து புகை எப்படி வெளியேறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெற்றோல் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளி முடிக்கும் தறுவாயில் புகைவால்வு திறக்கிறது. அந்த நேரத்திலும் சிலிண்டருக்குள் அமுக்கம் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு இருக்கும். எஞ்சின் பாரத்தோடு ஓடும்போது வெளியேறும் வாயுவின் வெப்பம் 700 முதல் 900 பாகை செல்சியஸ் வரை போகும். இந்த வாயு குழாய்க்குள் திடீரென்று பாயும்போது ஓர் அமுக்க அலை பிறக்கிறது. நாம் கேட்கும் சத்தம் அந்த அலைதான். வாயு பின்னால் மெதுவாக வர, அலை முன்னால் ஓடிவிடும். சாதாரணக் காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகிறது. கொதிக்கும் புகைக்குள் அது 600 மீற்றரை எட்டுகிறது.

அலை குழாயின் திறந்த முனைக்கோ, பல குழாய்கள் ஒன்றுசேரும் இடத்துக்கோ வந்ததும் அதன் ஒரு பகுதி தலைகீழாகித் திரும்பி வருகிறது. போகும்போது தள்ளும் அலையாகப் போனது, வரும்போது உறிஞ்சும் அலையாக வருகிறது. புகைவால்வு இன்னும் மூடாமல் இருக்கும் சரியான கணத்தில் இந்த உறிஞ்சல் வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை வெளியே இழுத்துவிடும். அப்போது திறந்துகொண்டிருக்கும் உள்வால்வு வழியாகப் புதுக் காற்றும் கூடவே இழுபடும். செலவில்லாமல் கிடைக்கும் வலு இது.

சரியான கணம் எது என்பதைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது. 80 சென்ரிமீற்றர் நீளமான குழாயில் அலை போய்த் திரும்ப ஏறக்குறைய 2.7 மில்லி நொடி எடுக்கும். நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் எஞ்சினில் அதற்குள் கிராங்க் 96 பாகை திரும்பிவிடும். 3000 சுற்றில் பாதிதான் திரும்பியிருக்கும். ஆகவே ஒரு வேகத்துக்குப் பொருந்துகிற நீளம் இன்னொரு வேகத்துக்குப் பொருந்தாது. ஒரே குழாயால் எல்லா வேகத்திலும் வலு கூட்டவே முடியாது. எந்த வேகத்தில் வேண்டும், எந்த வேகத்தில் விட்டுக்கொடுக்கலாம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள இந்தக் கணக்கு மட்டக்களப்பு மண்ணுக்குப் புதிதல்ல. காரைதீவில் 1892-ல் பிறந்து, லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கிய சுவாமி விபுலாநந்தர், யாழின் நரம்பு நீளத்தையும் சுருதியையும் கணிதத்தால் ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947-ல் வெளிவந்தது. அவர் நரம்பில் பார்த்ததை எஞ்சின் வல்லுநர் இரும்புக் குழாயில் பார்க்கிறார். நீளம் குறைந்தால் சுருதி ஏறும்.

இந்தக் கணக்கின் உச்சம் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் நடந்தது. அதில் புகைவால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளை வழியாகப் புகை போகும்போது புதுக் கலவையும் கூடவே தப்பி ஓடிவிடும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியியலாளர் 1950-களில் இதற்கு வழி கண்டார். மெல்ல விரிந்து, பிறகு சட்டென்று ஒடுங்கும் வயிறு பெருத்த ஒரு குழாயை அவர் செதுக்கிச் செதுக்கிச் சீராக்கினார். விரியும் பகுதி உறிஞ்சும் அலையை அனுப்பிப் புகையை இழுக்கும். ஒடுங்கும் பகுதி தள்ளும் அலையைத் திருப்பி அனுப்பி, தப்பி ஓடிய கலவையைத் துளை மூடுமுன் உள்ளே அமுக்கிவிடும். 1961-ல் அவருடைய 125 சிசி பந்தய எஞ்சின் 25 குதிரைவலு கொடுத்தது. ஒரு லீற்றர் கொள்ளளவுக்கு 200 குதிரைவலு என்ற கணக்கு. அதே வருடம் சுவீடன் பந்தயத்துக்குப் போன அவருடைய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் அங்கிருந்து மேற்குக்குத் தப்பிவிட்டார். அந்த அறிவு அவரோடு சுசூகி நிறுவனத்துக்குப் போனது. 1962-ல் 50 சிசி உலக சாம்பியன் பட்டம் சுசூகியில் ஓடிய டெக்னருக்குக் கிடைத்தது. ஒரு குழாயின் வடிவம் ஒரு மனிதரோடு நாடு தாண்டிப் போனது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளின் சைலன்சரைத் துளைத்தோ வெட்டியோ “வேகமாக்குகிறவர்கள்” இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் வெட்டி எறிவது வலுவைத் திருப்பித் தரும் பகுதியைத்தான்.

காருக்கு வருவோம். “புகைக்கு எதிரமுக்கம் கொஞ்சம் வேண்டும், இல்லாவிட்டால் இழுவை போய்விடும்” என்று பல கராஜ்களில் சொல்வார்கள். அவர்கள் கண்டது சரி, சொல்லும் காரணம் பிழை. எதிரமுக்கம் எந்த எஞ்சினுக்கும் நன்மை செய்வதில்லை. அளவுக்கு மீறி அகலமான குழாய் போட்டால் புகையின் ஓட்ட வேகம் குறையும், அலையின் உறிஞ்சலும் வலுவிழக்கும். ஆரையம்பதிக்கும் நகரத்துக்கும் இடையில் 2000, 2500 சுற்றில் ஓடுகிற காருக்கு இழுவை குறைவது அதனால்தான். டர்போ பூட்டிய லான்சர் எவலூஷன், சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். போன்ற கார்களின் கதை வேறு. அலையின் பெரும்பகுதியை டர்பைனே விழுங்கிவிடுவதால், அதற்குப் பின்னால் குழாய் எவ்வளவு தாராளமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அங்கே 3 அங்குலக் குழாய்க்குப் பொருள் உண்டு. டர்போ இல்லாத சாதாரண சிவிக்கில், புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்குப் பின்னாலுள்ள பகுதியை மட்டும் மாற்றிவிட்டு ஐந்து குதிரைவலு தேறினால் அதுவே பெரிய காரியம்.

பழைய சுபாருவின் தடதடப்பான குரலை நேசிப்பவர்கள் உலகெங்கும் உண்டு. அதுவும் நீளத்தின் வேலைதான். எஞ்சினின் இரு பக்கத்திலிருந்தும் வரும் குழாய்கள் சம நீளம் அல்ல. அதனால் சீரான இடைவெளியில் பிறந்த அலைகள் சீரில்லாமல் வந்து சேர்கின்றன. பின்னாளில் அதே நிறுவனம் சம நீளக் குழாய் போட்ட மாடல்களில் எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது, தடதடப்பு மட்டும் காணாமல் போனது.

சைலன்சர் பெட்டியை அறுத்துப் பார்த்தால் இரண்டு விதமான உள்ளமைப்பைக் காணலாம். ஒன்றில் துளையிட்ட நேர்குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார் திணித்திருக்கும். கீச்சென்ற உயர் ஒலிகளை நார் உறிஞ்சிக்கொள்ளும், புகை தடையின்றிப் போகும். சந்தையில் விற்கும் பந்தயப் பாணிச் சைலன்சர்கள் பெரும்பாலும் இந்த வகை. மற்றதில் தடுப்புச் சுவர்களும் அறைகளும் இருக்கும். அலை சுவரில் மோதித் திரும்பி, வருகிற அலையோடு மோதி அழியும். தாழ்ந்த ஒலியை அடக்குவதில் இதுதான் கெட்டி. 1897-ல் அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் காப்புரிமை எடுத்த நாளிலிருந்து இந்த இரண்டு வழிகளும்தான் விதவிதமாக மெருகேறி வந்திருக்கின்றன.

நார் வைத்த சைலன்சர் பூட்டியவர்களின் பொதுவான முறைப்பாடு, நெடுஞ்சாலையில் காருக்குள் எழும் ‘ம்ம்’ என்ற இரைச்சல். நான்கு சிலிண்டர் எஞ்சின் 2500 சுற்றில் நொடிக்கு 83 தடவை வெடிக்கிறது. அந்தத் தாழ்ந்த ஒலி காரின் உட்கூட்டோடு ஒத்திசைந்து காதை அழுத்தும். கொழும்புக்குப் போய்ச் சேருமுன் தலை வலிக்கத் தொடங்கிவிடும். இதற்கும் நீளமே மருந்து. ஒரு முனை அடைத்த பக்கக் குழாயைப் பிரதான குழாயில் கிளையாக வெல்ட் பண்ணினால், அதற்குள் போய்த் திரும்பும் அலை அந்த ஒரு ஒலியை மட்டும் அழித்துவிடும். குழாயின் நடுப்பகுதியில் புகை 300 பாகையில் இருப்பதாகக் கொண்டால் ஒலிவேகம் 480 மீற்றர். அதை 83-இன் நான்கு மடங்கால் வகுத்தால் கிளைக் குழாயின் நீளம் ஏறக்குறைய 1.45 மீற்றர் வரும். லேத் பட்டறையில் செய்யக்கூடிய வேலை. வலுவும் குறையாது.

கற்றலிற்றிக் கொன்வேட்டரில் கை வைப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். தேன்கூடு போன்ற பீங்கான் உள்ளீட்டில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசப்பட்ட அந்தப் பெட்டிதான் நச்சான காபன் மோனொக்சைட்டைக் காபனீரொக்சைட்டாக மாற்றுகிறது. ஈயம் கலந்த பெற்றோல் அதைக் கெடுத்துவிடும். 2002-ல் இலங்கை ஈயப் பெற்றோலைக் கைவிட்ட பிறகுதான் அது இங்கே நிம்மதியாக வேலை செய்யத் தொடங்கியது. உள்ளே இருக்கும் உலோகத்தின் விலைக்காக அதைக் கழற்றி விற்கச் சொல்லும் ஆட்கள் உண்டு. கழற்றினால் ஒட்சிசன் சென்சர் எஞ்சின் விளக்கைக் கொளுத்திவிடும். 2008-லிருந்து நடைமுறையில் இருக்கும் புகைப் பரிசோதனையிலும் கார் தோற்கும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது.

இனிப் பூட்டும் வேலை. எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஜெக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டால் காலையில் தலை முறியாமல் கழலும். சைலன்சரைத் தூக்கி வைத்திருக்கும் ரப்பர்களுக்குச் சவர்க்கார நீர் தடவினால் வழுக்கி வந்துவிடும். வெடித்த ரப்பரை அப்போதே மாற்றுங்கள். எஞ்சின் அசையும்போது குழாயும் கூட அசைய வேண்டும், அதற்குத்தான் ரப்பர். இணைப்புத் தட்டுகளுக்கு நடுவே பழைய பக்கிங்கை மறுபடி போடுவது கஞ்சத்தனம். புதிய குழாயை முன்னிருந்து பின்னாக மாட்டி, போல்ட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கி, பம்பரோடும் பிரேக் குழாயோடும் பெற்றோல் குழாயோடும் போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் ஸ்பானரால் இறுக்க வேண்டும். வெல்டிங் தேவைப்பட்டால் பற்றறி வயரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் கணினி எரிந்துபோகலாம்.

முதல் ஓட்டத்தில் புதுக் குழாயிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு எரிந்து புகையும், பயப்பட வேண்டாம். இணைப்பில் ‘டிக் டிக்’ என்று கேட்டால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய் சென்சரை ஏமாற்றும். கலவையில் பெற்றோல் குறைவு என்று எண்ணி எஞ்சின் கணினி வீணாகப் பெற்றோலைக் கூட்டும். காருக்கடியில் கசியும் காபன் மோனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடி மூடி ஏசி போட்டுப் பயணிப்பவர்களுக்கு அது உயிராபத்து. ஓடிச் சூடாகி ஆறிய பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் ஒருமுறை மீண்டும் இறுக்கிவிடுங்கள்.

நமது மட்டக்களப்பு வாவிக்கரைக்கென்று தனியாகச் சொல்ல ஒரு விஷயம் உண்டு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட பயணத்தில் அது ஆவியாகப் போய்விடும். கல்லடியிலிருந்து சந்தைக்கும், பாடசாலைக்கும், கோயிலுக்கும் என்று ஓடி ஓடி நிற்கும் காரில் சைலன்சர் சூடேறவே நேரமில்லை. தண்ணீர் பெட்டிக்குள் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியிலிருந்து ஒரு பக்கம் கடல், மறுபக்கம் 56 கிலோமீற்றர் நீளமான வாவி, வடகீழ்ப் பருவக்காற்று சுமந்து வரும் உப்பு. சாதாரண இரும்புக் குழாய் இங்கே நின்றுபிடிக்காது. 11 சதவீதம் குரோமியம் உள்ள 409 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் மேலே துருவேறும். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகமே பொருத்தம். கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு வாங்கப் போகும்போது ஒரு சிறு காந்தம் கொண்டுபோங்கள். 409-ல் காந்தம் இறுக ஒட்டும், 304-ல் ஏறக்குறைய ஒட்டாது. இணைப்புத் தட்டும் அதே ரகமா என்று பாருங்கள். தட்டு சாதாரண இரும்பாக இருந்தால் வெல்டிங் ஓரத்தில்தான் முதலில் உடையும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரவில் வாவி நீருக்கு மேலே குளிர்ந்த காற்றும், அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்றும் படிந்திருக்கும். மேலே போக வேண்டிய ஒலி அந்த அடுக்கில் வளைந்து மீண்டும் நீர்மட்டத்துக்கே இறங்கும். அதனால் கல்லடிப் பாலத்தில் அழுத்திய அக்சிலரேட்டர் மறுகரை வீடுகளிலும் வைத்தியசாலைக் கட்டிலிலும் கேட்கும். 1950-களில் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பாடும் மீனின் ஒலியைப் பதிவு செய்தது இந்தப் பாலத்தருகில்தான். நிலாக் காலத்தில் தோணியில் போய்த் துடுப்பின் முனையைக் காதில் வைத்து அதைக் கேட்க விரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் புது மாடல் கார்களின் சத்த வரம்பு 68 டெசிபலுக்கு இறங்கிவிட்டது. இலங்கையிலும் சைலன்சரைக் கழற்றிவிட்டோ துளைத்தோ ஓடுவது சட்டத்துக்குப் புறம்பு. 2025 ஜனவரியில் அரசின் கிளீன் ஸ்ரீலங்கா திட்டம் தொடங்கியதிலிருந்து பொலிஸார் இதில் கண்டிப்பாகவும் இருக்கிறார்கள்.

நல்ல குரல் வேண்டுமென்றால் நார் வைத்த சைலன்சரோடு நடுப்பகுதி ஒலிகுறைப்புப் பெட்டியையும் விட்டுவையுங்கள். அழுத்தும்போது கனத்த குரல் வரும், மெல்ல ஓடும்போது தெரு உறங்கும். கழற்றிய பழைய சைலன்சரை இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். துடைத்து எண்ணெய் பூசி வீட்டில் வையுங்கள். என்றாவது காரை விற்கும் நாளில் அது தேவைப்படும்.