பதின்மூன்று வாரத்துக்குள் யார் வர முடிகிறது?

விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தேனி மாவட்டப் பெண்களில் ஆதிதிராவிடர் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள் ஏராளம். நாள் தள்ளிப்போன பிறகும் பலர் வேலையை நிறுத்துவதில்லை. ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போய்விடும். ஆனால், கருவில் டவுன் சிண்ட்ரோம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய காலமும் அதுதான்.

21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதே டவுன் சிண்ட்ரோம். அது சாபமும் அல்ல, தாயின் குற்றமும் அல்ல. 11 முதல் 13 வாரத்துக்குள் சிசுவின் கழுத்துப் பின்புற நீர் அளவை ஸ்கேனில் பார்த்து, தாயின் ரத்தத்தையும் பரிசோதித்தால், பாதிப்புள்ள 100 கருக்களில் 85 முதல் 90 வரை தெரிந்துவிடும். ஐந்தாம் மாத ஸ்கேனை மட்டும் நம்பினால் பல தவறிப்போகும். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து அதிகம்தான். ஆனால் இளம் வயதில் பிள்ளை பெறுவோரே அதிகம் என்பதால், அவர்களைச் சோதிக்காத திட்டம் பாதிக் கிணறு தாண்டியதுதான்.

எனவே ஒரு பரிசோதனைத் திட்டம் தரமானதா என்பதை ஸ்கேன் கருவியை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பிக்மி எண் பெற்றவர்களில் எத்தனை பேர் 13 வாரத்துக்குள் பரிசோதிக்கப்பட்டார்கள்? கம்பத்திலிருந்து தேனிக்கே சுமார் 40 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ள க.விலக்கு அதையும் தாண்டி இருக்கிறது. மாவட்ட சராசரி நன்றாக இருந்தாலும், தோட்டக் கூலிப் பெண்கள் விடுபட்டிருக்கலாம். ஊர்வாரியாக, குடியிருப்புவாரியாக எண்ணினால்தான் அது தெரியும்.

அடுத்தது, முடிவை எப்படிச் சொல்கிறார்கள் என்பது. 1,000 பேரைச் சோதித்தால் சுமார் 50 பேருக்கு 'ஆபத்து அதிகம்' என்று வரும். அவர்களில் உண்மையில் பாதிப்புள்ள கரு ஒன்றிரண்டுதான் இருக்கும். பனிக்குட நீரை எடுத்துச் சோதித்தால் உறுதியாகச் சொல்ல முடியும். 15 வாரத்துக்குப் பிறகு அதைச் செய்வார்கள். எங்கே செய்வார்கள், செலவு யாருடையது என்பதை அன்றைக்கே சொல்ல வேண்டும். ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினால், நல்ல கருவும் பயத்தில் கலைக்கப்படலாம்.

பரிசோதனை வேண்டுமா, கருவை வைத்துக்கொள்வதா என்பதெல்லாம் அந்தப் பெண்ணின் முடிவு. 18 வயது நிறைந்தவர் கருக்கலைப்புக்குச் சம்மதித்தால் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. யாரும் அவரை வற்புறுத்தவும் கூடாது.

பெற்றெடுக்க முடிவு செய்பவருக்கும் கை கொடுக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். அதை உடனே பார்க்க வேண்டும். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் டவுன் சிண்ட்ரோமும் உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி பள்ளியில் இடமும் உண்டு.

கிராம சபையில் சாலை, குடிநீரோடு இதையும் கேட்கலாம்: நம் தெருவில் எத்தனை பேருக்கு உரிய வாரத்தில் பரிசோதனை நடந்தது?