மனநோயாளியின் குடும்பம் சுமக்கும் பழி

கடுமையான மனநோய் ஒருவரைப் பற்றும்போது நோயாளி ஒருவரே. ஆனால் பழி அவ்வீட்டார் அனைவர் மீதும் விழுகிறது. களங்கமுற்றவரோடு உறவுடையோர் மீதும் அக்களங்கம் படிவதை அமெரிக்க சமூகவியலறிஞர் எர்விங் காஃப்மன் 1963இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் குடும்பங்கள் இதை நூல் வழியாக அறிய வேண்டியதில்லை. வீட்டில் திருமணப் பேச்சு எழுந்தவுடன் அறிந்துகொள்கின்றன.

இது தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதி. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆயினும் கொள்வினை கொடுப்பினை எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை. தெலுங்கில் ‘பிச்சி’, தமிழில் ‘பைத்தியம்’ என்ற ஒரே சொல்லில் மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு முதலிய வேறுபட்ட நோய்கள் யாவும் அடக்கப்படுகின்றன. ‘அந்த வீட்டில் அது உண்டு’ என்னும் பேச்சு பரவிவிட்டால், நோயாளியின் தங்கைக்கும் தம்பிக்கும் வரன் தட்டிப்போகிறது. மரபுக் கூறு இந்நோய்களில் ஓரளவு பங்கு பெறுவது உண்மையே. எனினும் நோயாளியின் உடன்பிறந்தோரில் மிகப் பெரும்பாலோருக்கு அந்நோய் வருவதில்லை என்பதை ஊர்ப்பேச்சு கணக்கிற் கொள்வதில்லை.

மனச்சிதைவு நோயாளிகளைப் பராமரிக்கும் 159 உறவினரிடம் சென்னையில் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2000இல் வெளியாயிற்று. திருமணம், அண்டை வீட்டார் ஒதுக்குவர் என்ற அச்சம், பிறரிடம் மறைக்க வேண்டிய நிலை ஆகியவையே குடும்பத்தை மிகவும் வருத்துவன என்று அதில் தெரியவந்தது. நோயாளி பெண்ணாயின் சுமை மேலும் கூடியது.

எனவே மறைப்பதை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது, நியாயமன்று. வெளியே சொன்னால் நேரும் இழப்பை அக்குடும்பம் நன்கறியும். ஆனால் மறைப்பதன் விலையும் பெரிது. முதலறிகுறி தோன்றியபின் மாதங்கள், சில வேளை ஆண்டுகள், மருத்துவரை நாடாமலே கழிகின்றன. பின்னர் மருந்தால் தேறிய பெண்ணுக்கு நோயைச் சொல்லாமலே மணம் முடிக்கின்றனர். புகுந்த வீட்டில் மாத்திரையை யார் கண்ணிலும் படாமல் விழுங்குவது எங்ஙனம்? அவள் அதை நிறுத்துகிறாள், நோய் திரும்புகிறது, ‘ஏமாற்றி விட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டோடு தாய்வீட்டிற்கு அனுப்பப்படுகிறாள். மறைத்தது எதைக் காப்பதற்கோ, அதுவே முதலில் கெடுகிறது.

சட்டமோ ஊராரைவிட நிதானமானது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டபின், மனநோய் என்ற பெயர் மட்டுமே திருமணத்திற்குத் தடையாகாது. நோயின் தன்மையும் அளவும் பார்க்கப்படும். மணமுறிவுக்கும் நோயின் பெயர் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1988இல் கூறியது. ஆந்திரப் பிரதேசத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2013இல் அதனை மீண்டும் வலியுறுத்தியது. இத்தீர்ப்புகள் கிராமத்துப் பெரியவர்கள் காதுக்கு எட்டியதில்லை.

குணம் வேண்டித் திருமலைக்கு நேர்ந்துகொண்டு வரும் குடும்பங்களும் உண்டு. நேர்த்திக்கடனையும் மருந்தையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் கோயிலோ தர்காவோ சிகிச்சைக்கு மாற்றாகும்போது நேரக்கூடியதை, 2001 ஆகஸ்டு 6இல் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் மாண்ட துயரம் காட்டியது.

குடும்பத்தைக் குற்றவாளியாக்காமல் துணைவராக்கலாம் என்பதற்கு முன்மாதிரிகள் உள்ளன. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் உறவினரையும் கூடாரங்களில் நோயாளியுடன் தங்கச் செய்தார். சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957 முதல் உறவினர் உடன் தங்கும் முறையைப் பின்பற்றிவருகிறது. நோயைக் கண்ணெதிரே தணியக் கண்டவர், ஊர் திரும்பியபின் அச்சமின்றிப் பேசுகிறார், மருந்தும் தவறுவதில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அரசு நடத்தும் சேவைகளில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. 14416 என்ற தொலைபேசி எண்ணில் 2022 முதல் இலவச ஆலோசனை கிடைக்கிறது. பெயர் வெளியாகுமோ என்று அஞ்சும் வீட்டாருக்கு இது நல்ல முதற்படி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வழங்கும் அதே சாளரத்தில் மனநோய்க்கும் வழங்கினால், வரிசையில் நிற்பவர் எந்நோய்க்கு நிற்கிறார் என்று எவரும் அறியார். 2016ஆம் ஆண்டின் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறன் வகைகளுள் சேர்த்துள்ளது. ஆனால் அதற்கான சான்றிதழை, பந்தலிட்டு ஒலிபெருக்கியில் பெயர் கூவி வழங்கும் முகாமில்தான் பெற வேண்டுமெனில், மணமாகாத மகளுடைய தாய் அங்கு வரமாட்டாள்.