கேசட் பிளேயரைக் கழற்றாமல் பழைய கார் ஸ்டீரியோவை மேம்படுத்த முடியுமா?

தொண்ணூறுகளின் கடைசியில் வாங்கிய மாருதி 800, ஜென், எஸ்டீம் எல்லாம் இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இன்ஜின் நன்றாக இருக்கிறது. ஆர்.சி.யும் புதுப்பித்தாகிவிட்டது. ஸ்டீரியோ மட்டும் கரகரக்கிறது, போனில் இருக்கிற பாட்டை அதில் கேட்கவும் வழியில்லை. கார் அக்சஸரீஸ் கடைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இதெல்லாம் இப்ப யார் சார் கேக்குறாங்க? கழட்டிட்டு ஆண்ட்ராய்டு போட்டுடலாம்."

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்து கார்களின் டேஷ்போர்டில் ஸ்டீரியோவுக்கென்று விட்டிருக்கும் இடம் பெரும்பாலும் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம்தான். கடைக்காரர்கள் இதை 'சிங்கிள் டின்' என்பார்கள். பெரிய ஆண்ட்ராய்டு ஸ்க்ரீனுக்கு இதைப் போல இரண்டு மடங்கு உயரம் வேண்டும். அதற்காக டேஷ்போர்டை அறுத்துவிட்டால் பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. புதுப்பேட்டையில் அலைந்து அதே மாடல் டேஷ்போர்டைத் தேட வேண்டியதுதான்.

அறுக்காமலேயே, கேசட் பிளேயரை அதே இடத்தில் வைத்துக்கொண்டே புளூடூத்தும் நல்ல ஒலியும் கொண்டுவர முடியும். ஆனால் எந்த வேலையை முதலில் செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

கேசட்டை ஏன் விடவில்லை?

ரெக்கார்டிங் சென்டர் காலம் நினைவிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துண்டுச்சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதி, 60 அல்லது 90 நிமிட வெற்று கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். அந்தப் பாட்டு எல்லாமே இன்று போனில் கிடைக்கிறது. கிடைக்காதது வேறு: வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகள், வீட்டுக் கல்யாணத்தின் நாதஸ்வரம், தாத்தா சொன்ன கதை, மூன்று வயதில் நீங்கள் பாடியது. இவற்றுக்கு வேறு பிரதி எங்கேயும் இல்லை.

பிளேயரைக் காப்பாற்ற நினைப்பவர்களில் பலர் உண்மையில் காப்பாற்ற நினைப்பது இந்த கேசட்டுகளைத்தான். அப்படியென்றால் இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த கேசட்டுகளுக்கு மிக ஆபத்தான இடமே, பல வருடம் ஓடாமல் கிடந்த கார் பிளேயர்தான்.

'டேப் சிக்கிடுச்சு' எப்படி நடக்கிறது?

கேசட்டுக்குள் இருக்கும் டேப்பை இழுப்பது அதன் சக்கரங்கள் இல்லை. பிளேயரில் மெல்லிய உலோகக் கம்பி ஒன்று சுழல்கிறது. அதன் மேல் ஒரு ரப்பர் உருளை அழுத்துகிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய டேப், நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் நகர்கிறது. நகர்ந்து வந்த டேப்பைச் சுருட்டிக்கொள்வது மட்டும்தான் சக்கரத்தின் வேலை.

இதற்கெல்லாம் சக்தியைக் கடத்துவது மெல்லிய ரப்பர் பெல்ட். வருடக்கணக்கில் வெயிலில் நிற்கும் காரில் இந்த பெல்ட் தளர்ந்துவிடும், சில நேரம் தார் போல உருகி ஒட்டிக்கொள்ளும். பெல்ட் நழுவினால் உருளை டேப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், சுருட்ட வேண்டிய சக்கரமோ நின்றிருக்கும். தள்ளப்பட்ட டேப் உருளையைச் சுற்றிக்கொள்ளும். பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி மீட்டெடுத்தாலும் கசங்கிய இடம் கசங்கியதுதான். 90 நிமிட கேசட்டின் டேப் 60 நிமிட கேசட்டுடையதை விட மெல்லியது என்பதால் முதலில் சிக்குவதும் அதுதான்.

எனவே ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் என்று செலவு செய்வதற்கு முன்னால் பிளேயரை சர்வீஸ் செய்துவிட வேண்டும். பெல்ட்டை மாற்ற வேண்டும். ரப்பர் உருளை கண்ணாடி போல வழவழப்பாகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஹெட்டில் பழுப்பு நிறத்தில் படிந்திருப்பது பழைய டேப்புகள் உதிர்த்த காந்தத் துகள். பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்தால் போய்விடும். இது ஒன்றைச் செய்தாலே 'மந்தமா கேக்குது' என்று ஒதுக்கிவைத்த பல பிளேயர்களின் ஒலி தெளிந்துவிடும். டேப் ரெக்கார்டர் ரிப்பேர் தெரிந்த மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதால், தெரிந்த ஆள் யாராவது ஊரில் இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

போனை எப்படி இணைப்பது?

எல்லோரும் முதலில் வாங்குவது சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். போனில் ஓடும் பாட்டை அது குட்டி ரேடியோ நிலையம் போல ஒலிபரப்பும், கார் ரேடியோ அதைப் பிடித்துக்கொள்ளும். காலியான அலைவரிசை கிடைக்கிற ஊரில் இது ஓகே. சென்னை போன்ற நகரத்தில் 92.7, 93.5, 98.3, 101.4, 106.4 என்று வரிசையாக நிலையங்கள் இருக்கும்போது, ஒரு சிக்னல் தாண்டுவதற்குள் உங்கள் பாட்டுக்கு நடுவே யாரோ ஒரு ஆர்ஜே பேச ஆரம்பித்துவிடுவார்.

இதைவிட நல்லது கேசட் அடாப்டர். பார்க்க கேசட் மாதிரியே இருக்கும், உள்ளே டேப் இருக்காது. டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன காந்த ஹெட் இருக்கும். போனில் வரும் ஒலியை அது காந்த அலையாக மாற்ற, பிளேயரின் ஹெட் அதை டேப் என்று நம்பிப் படிக்கும். வயர் உள்ளதும் உண்டு, புளூடூத் உள்ளதும் உண்டு. விலை சில நூறு ரூபாயில் தொடங்குகிறது. கேலி செய்யப்படும் அளவுக்கு இது மோசமான பொருள் இல்லை. ஹெட் சுத்தமாக இருந்தால் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை விட ஒலி நன்றாகவே இருக்கும்.

பிளேயரில் டால்பி பட்டன் இருந்தால் அதை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஒலி மங்கும். ஆட்டோ ரிவர்ஸ் பிளேயர்கள் சில, டேப் ஓடவில்லை என்று நினைத்து அடாப்டரை வெளியே துப்பும் அல்லது பக்கம் மாற்றிக்கொண்டே இருக்கும். அதற்கென உள்ளே பல்சக்கரம் வைத்த அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும். பேட்டரி உள்ள புளூடூத் அடாப்டரை மட்டும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பிளேயரின் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த சில மாடல்களில் டிக்கியில் வைக்கும் சி.டி. சேஞ்சருக்கான சாக்கெட் இருக்கும். பயோனியரில் இதை ஐ.பி. பஸ் என்பார்கள். பொருத்தமான அடாப்டர் கிடைத்தால் அந்த வழியாகவே போனை நேரடியாக இணைத்துவிடலாம். எதையும் வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம்.

ஒலி எங்கிருந்து கூடும்?

பழைய பிளேயரின் முகப்பில் '45 வாட்ஸ் × 4' என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாந்தவர்கள் பலர். கார் ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு அந்த மின்னழுத்தத்தில் சாதாரண பிளேயர் ஆம்ப்ளிஃபையர் சுத்தமாகத் தரக்கூடியது, கணக்குப்படியே சுமார் 26 வாட்ஸைத் தாண்டாது. நடைமுறையில் அதற்கும் கீழேதான். அதனால் வால்யூமைப் பாதிக்கு மேல் திருகினால் பாட்டு கிழிவது பிளேயரின் கோளாறு இல்லை.

இங்கேதான் கேசட்டை வைத்துக்கொண்டே காரின் ஒலியை மாற்ற நல்ல வழி இருக்கிறது. புளூடூத் வசதியுள்ள டி.எஸ்.பி. ஆம்ப்ளிஃபையர்கள் இப்போது சிறிய அளவில் வருகின்றன, சீட்டுக்கு அடியில் ஒளித்துவிடலாம். பிளேயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரையே அதன் 'ஹை லெவல் இன்புட்'டில் கொடுத்துவிட்டால், கேசட் போட்டால் கேசட், போனை இணைத்தால் போன். இரண்டும் ஒரே ஸ்பீக்கரில் ஒலிக்கும். டேஷ்போர்டில் எதுவுமே மாறியிருக்காது. சின்ன காருக்கு சேனலுக்கு 40, 50 வாட்ஸ் உண்மையான சக்தியே தாராளம்.

ஸ்பீக்கர்களில் காகிதக் கூம்பின் ஓரத்தில் இருக்கும் ஃபோம் விரலால் தொட்டாலே பொடிப்பொடியாக உதிர்ந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். பின் டிரேயில் இரண்டு பெரிய 6×9 ஓவல் வைப்பது அந்தக் காலத்துப் பழக்கம். காசு கொஞ்சமாக இருந்தால் அதை முன்பக்க ஸ்பீக்கருக்குச் செலவு செய்வதே சரி. பாடகர் முதுகுக்குப் பின்னாலிருந்து பாட வேண்டிய அவசியமில்லையே!

வயரிங்கில் கவனம்

நம்மூரில் பல பழைய கார்கள் ஷோரூமிலிருந்து ஸ்டீரியோ இல்லாமல்தான் வந்தன. பின்னால் யாரோ ஒரு ஃபிட்டர் வயரை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருப்பார். இருபது வருடத்தில் அந்த டேப்பின் பசை போயிருக்கும். அதையெல்லாம் பிரித்து சால்டர் செய்து புதிதாகச் சுற்ற வேண்டும். சில பழைய வண்டிகளில் ஸ்பீக்கரின் ஒரு முனையை காரின் பாடியிலேயே எர்த் செய்திருப்பார்கள். அந்த வயரிங்கில் புதிய ஆம்ப்ளிஃபையரை மாட்டினால் அது கருகிப்போகலாம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு வயர் இழுக்கச் சொல்லுங்கள்.

ஆம்ப்ளிஃபையருக்கான மின்சாரம் நேராக பேட்டரியிலிருந்து வர வேண்டும். பேட்டரிக்கு 45 செ.மீ. தூரத்துக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் இல்லையென்றால் தகரத்தில் உரசி வயர் அறுபடும், ஃபியூஸும் இல்லையென்றால் வண்டியே தீப்பிடிக்கும். 'அதெல்லாம் வேண்டாம் சார், ஒண்ணும் ஆகாது' என்று சொல்லும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

அந்த ஒரு கேசட்?

எல்லா வேலையும் முடிந்ததும் முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது, போனால் போகட்டும் என்று நினைக்கும் ஏதாவது பாட்டு கேசட். இரண்டு பக்கமும் முழுதாக ஓடட்டும். அப்பாவின் குரல் உள்ள கேசட்டைக் காரில் போடவே வேண்டாம். வீட்டில் சர்வீஸ் செய்த நல்ல டெக்கில் ஓடவிட்டு, அதன் வெளியீட்டை கம்ப்யூட்டரில் இணைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஓட்டுவதற்கு முன் கேசட்டின் வாய்ப்பக்கத்தில் டேப்புக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஃபெல்ட் துண்டு விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். மேலே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிட்டால் தவறுதலாக யாரும் அதன்மேல் ரெக்கார்ட் செய்ய முடியாது. பதிவான ஃபைலை போனில் ஏற்றிக்கொண்டால், அதே காரில், அதே ஸ்பீக்கரில் புளூடூத் வழியாக எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.