முகத்தில் அடிக்கும் காற்றும் மோட்டார் சைக்கிள் கண்ணாடியும்

ஜேர்மனியில் அதிகாலை வேலைக்குப் போகும் எங்களிற் பலருக்கு அந்த நேரத்தில் பஸ் இல்லை. பழைய மோட்டார் சைக்கிள்தான் துணை. ஊரில் வெயிலுக்குள் ஓடிய எங்களுக்கு இந்தக் குளிர்காற்று புதிது. போன மார்கழியில் எங்களில் ஒருவருக்கு விரல் விறைத்து, சந்தியில் பிரேக் பிடிக்கப் பிந்திவிட்டது. தப்பியது அருந்தப்பு. அதன் பிறகுதான் முன்கண்ணாடி தேடினோம்.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளல் நான்கு மடங்காகும். 50இல் தெரியாத காற்று 100இல் நெஞ்சில் இடிப்பது இதனால்தான்.

உயரமானதே நல்லது என்று எண்ணி முதலில் ஏமாந்தோம். விளிம்பு கண்ணுக்கு நேரே நின்றது. மழையிரவில் பாதை தெரியவில்லை. நிமிர்ந்து இருக்கும்போது விளிம்பு மூக்களவில் நின்றால் அதற்கு மேலால் பார்க்கலாம். விளிம்பில் முறியும் காற்று தலைக்கவசத்தில் பட்டால் தலை ஆடும், காது இரையும். எனவே வாங்குமுன் மட்டையை வெட்டிப் பிடித்து உயரம் பாருங்கள். கை விறைப்பவர்களுக்கு அகலமான கண்ணாடியோ கைக்காப்போ தேவை.

அடுத்தது கடதாசி. உங்கள் வண்டிக்கென ‘ஆ-பே-ஏ’ அனுமதிப் பத்திரம் உள்ளதாக வாங்கி, அதை வண்டியிலேயே வைத்திருங்கள். பத்திரம் இல்லாததைப் பூட்டினால் ‘த்யூஃப்’ போன்ற பரிசோதனையில் காட்டிப் பதிய வேண்டும். மலிவென்று விட்டால் பொலிசிலும் காப்புறுதியிலும் வில்லங்கம்.

பூட்டியபின் ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள்; எங்கும் முட்டக்கூடாது. பெற்றோலால் துடைத்தால் பிளாஸ்ரிக் வெடிக்கும். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். விறைக்காத விரலோடு போய் வருவோம்.