கார் என்ஜினில் 'டொக் டொக்' சத்தமா? உடனே வண்டியை நிறுத்துங்க!

காரைக்குடி:

பிள்ளையார்பட்டி, குன்றக்குடி கோவில்களுக்கும், செட்டிநாட்டு பங்களாக்களைப் பார்க்கவும் வரும் வெளியூர்க்காரர்களை நம்பி காரைக்குடி பகுதியில் வாடகை கார்கள் ஓடுகின்றன. தவணையில் வாங்கிய காரில் என்ஜின் 'சீஸ்' ஆகிவிட்டால் சவாரியும் போச்சு, கையில் இருக்கும் காசும் போச்சு. ஆனால் பெரும்பாலான என்ஜின்கள் படுப்பதற்கு முன்பே சத்தம் போட்டு எச்சரிக்கின்றன.

எங்கிருந்து வருது?

காரை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்க வேண்டும். சத்தமும் கூடவே ஏறினால் கோளாறு என்ஜின் பக்கம். கார் ஓடும்போது மட்டும் 'ஊ...' என்று கேட்டால் வீல் பேரிங், டயரைப் பார்க்க வேண்டும்.

ஓட்டவே கூடாது

என்ஜினின் அடிப்பக்கம் 'டொக் டொக்' என்று கனமாக இடித்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். கூடவே சிவப்பு ஆயில் லைட்டும் எரிந்தால் ஆபத்து. 'மெக்கானிக் ஷாப் வரைக்கும் போயிடலாம்' என்று ஓட்டினால், பேரிங்கோடு முடிய வேண்டிய வேலை கிராங்க் ஷாப்ட் வரை போய்விடும். உடனே ஆப் செய்து, கட்டி இழுத்துப் போவதே லாபம்.

டிக் டிக்... கீச் கீச்...

மேல்பக்கம் 'டிக் டிக்' என்று மெல்லிய சத்தம் வந்தால் முதலில் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, ஆப் செய்து சில நிமிடம் கழித்து ஆயில் கம்பியை எடுத்தால், இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் நிற்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் டேப்பட் வேலையாக இருக்கலாம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்று கத்தினால் பெல்ட் தளர்ந்தோ தேய்ந்தோ இருக்கும். பல கார்களில் இதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது, என்ஜினும் கொதிக்கும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் வெந்நீர் முகத்தில் அடிக்கும், உஷார்.

மேடு ஏறும்போது பெட்ரோல் கார் 'கட கட' என்றால் கியரைக் குறைக்க வேண்டும். தொடர்ந்து கேட்டால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். 'புஸ் புஸ்' என்றால் புகை கசிகிறது என்று அர்த்தம். அந்த விஷப்புகை காருக்குள் வந்தால் உயிருக்கே ஆபத்து.

ஸ்கேனர் போதாது

இப்போதைய கார்களில் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கிறார்கள். அது சென்சார் கோளாறைக் காட்டும். தேய்ந்த பேரிங், தளர்ந்த பெல்ட் எல்லாம் அதில் தெரியாமல் போகலாம். அதற்குக் காதுதான் வேண்டும்.

என்ஜின் ஆறியிருக்கும்போதா, சூடான பிறகா, எந்த வேகத்தில் சத்தம் வருகிறது என்று கவனித்து, செல்போனில் பதிவு செய்து மெக்கானிக்கிடம் போட்டுக் காட்டலாம். தேவையில்லாமல் என்ஜினைப் பிரிக்கும் செலவு மிச்சமாகும்.