முதுகுவலிக்கு இழுவைச் சிகிச்சை: பணம் கட்டும் முன் அறிவோம்

வெள்ளகோவிலில் விசைத்தறியில் மணிக்கணக்கில் நிற்கும் நம் சகோதரர்கள் பலருக்கு முதுகுவலி உண்டு. 'ஆபரேஷன் இல்லாமல் டிஸ்க் சரியாகும்' என்ற விளம்பரம் அவர்களை ஈர்க்கிறது. இடுப்பில் பெல்ட் கட்டி, இயந்திரத்தால் முதுகெலும்பை விட்டுவிட்டு இழுத்து, டிஸ்க்கின் அழுத்தத்தைக் குறைக்க முயல்வதே இந்த டிகம்ப்ரஷன் முறை.

ஆனால் இடுப்புவலிக்கு இழுவைச் சிகிச்சையால் பெரிய பலனில்லை என்றே 2013-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பும் 2016-ல் அதை வேண்டாம் என்றது. டிஸ்க் வலி பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். படுத்தே கிடக்காமல் இயன்றவரை நடமாட வேண்டும். சிறுநீர் அடைப்பு, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலவீனம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்து தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்துள்ளார்கள் (புகாரீ 1117). மருத்துவம் செய்வதும் நபிவழியே. அதற்காக வட்டிக்குக் கடன் வாங்கும் நிலையிலிருந்து அல்லாஹ் நம் குடும்பங்களைக் காப்பானாக!